தட்டில் வைத்த கத்தி

அந்தப் பெயரை இவ்வளவு பக்தியோடு என் காதருகில் சொல்லாதீர்கள். எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடும். ஏறினால் இன்றைக்கு என் கண்ணைத் தொட மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடி உட்கார் என்று சொல்லிவிட்டார்கள். கண் மூடியவளுக்குக் காதுதானே வேலை செய்யும்? உங்கள் தாயாரிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. ‘பயப்படாதம்மா, ஞானமங்கலம் ஆஸ்பத்திரியில அருமைநாயகம் டாக்டர் உன்னை அறுத்து உசிரைக் காப்பாத்தலியா, இது வெறும் கண்ணுதானே’ என்றீர்கள். தெய்வம் மாதிரி மனுஷன் என்றும் சொன்னீர்கள். அதுவரை பொறுத்தேன். தெய்வம் என்றதும்தான் வாயைத் திறந்தேன்.

உங்கள் தாயார் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. மிக மெல்லப் பேசுகிறார். சளியா? சளியானால் இப்போதே அந்த மருந்து விடும் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். கண்ணைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் மேசைமேல் கிடப்பவர் இருமினால், அது அவருக்கும் ஆபத்து, கருவி பிடித்திருப்பவருக்கும் ஆபத்து. சளி இல்லையா? எப்போதும் அப்படித்தானா? சரி. நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

என் பெயர் தவமணி. சிஸ்டர் தவமணி. நீங்கள் சொன்ன அதே ஆஸ்பத்திரியில் தியேட்டர் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுவை நடக்கும் அறைக்குள் யார் வரலாம், எதைத் தொடலாம், எங்கே நிற்கலாம் என்பதெல்லாம் என் பொறுப்பு. நோயாளிக்குக் காயம் வராமல் பார்ப்பது மட்டும் அல்ல. வேலை செய்கிறவர்களுக்கும் வராமல் பார்க்க வேண்டும். ஜனங்களுக்கு இது தெரியாது. அந்த அறையில் மேசைமேல் இருப்பவர் ஒருவர்தான் அறுபடுகிறார் என்று நினைக்கிறார்கள். சுற்றி நிற்கிறவர்களும் அறுபடுவார்கள். அவர்களுக்குப் பூங்கொத்தும் ஆரஞ்சுப் பழமும் எடுத்துக்கொண்டு ஒருவரும் வருவதில்லை.

உங்கள் தெய்வத்தின் பழக்கத்தைக் கேளுங்கள். அவர் கையைப் பின்னால் நீட்டுவார். திரும்ப மாட்டார், பார்க்க மாட்டார், பெயர் சொல்லிக் கேட்கவும் மாட்டார். நீட்டிய உள்ளங்கையில் கத்தியின் பிடி வந்து பொருந்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தால், ‘தூங்குதியா?’ என்பார். வேலை முடிந்த கத்தியையும் அப்படியே பின்னால் வீசுவார். வீசுவார் என்றால் வீசுவார்தான். நான் மிகைப்படுத்திப் பேசுகிறவள் அல்ல. அது மேசையிலும் விழும், துணியிலும் விழும், தரையிலும் விழும். வெளியூரிலிருந்து வந்து பார்த்தவர்கள், ‘என்ன வேகம்! என்ன கை!’ என்று வியந்துவிட்டுப் போனார்கள். எந்தக் கை என்று ஒருவரும் கேட்கவில்லை.

சொர்ணபாயின் கை. அவள்தான் அவருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ். நான் பயிற்றுவித்த பெண்களில் அவளுக்கு இணை இல்லை. இவருக்கு அடுத்து என்ன தேவைப்படும் என்பது இவருக்கே தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் ஆர்மோனியம் வாசிப்பாள். ஒருநாள், குடலிறக்க அறுவை, சாதாரண வேலை, அவர் வழக்கம்போல் கத்தியைப் பின்னால் விட்டார். அவள் ஊசியை எடுக்கக் கையை நீட்டிய இடத்தில் அது வந்து விழுந்தது. ஆட்காட்டி விரலின் அடியில். கையுறை கிழிந்து, தோல் கிழிந்து, விரலை மடக்கும் தசைநாரும் அறுந்து போயிற்று. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. நோயாளி பாதி மயக்கத்தில் இருக்கிறார், பயந்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ‘சிஸ்டர், வேற ஆள் வேணும்’ என்று மட்டும் சொன்னாள்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார். ‘கவனம் இல்லாதவளுக்குத் தியேட்டர்ல என்ன சோலி? அரிசி புடைக்கப் போகச் சொல்லு.’

அரிசி புடைக்க. நான் அந்த வார்த்தையை விட்டுவிட மாட்டேன். அதைக் காதிலேயே வைத்திருக்கிறேன்.

விரல் மடங்கவில்லை. அவளைத் துணி அறைக்கு மாற்றினார்கள், போர்வையும் கவுனும் மடித்து அடுக்க. விசாரணை என்று ஒன்று நடந்தது, தேநீர் கொடுத்தார்கள். ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று முடிவு செய்தார்கள். ஆர்மோனியத்தை வேறு ஒரு பெண் வாசித்தாள், சுமாராக.

சொர்ணபாய் அவரை மன்னித்துவிட்டாள். இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறாள். போன் செய்யும்போதெல்லாம், ‘விடுங்க சிஸ்டர், ஆண்டவர் பாத்துக்கிடுவாரு, நீங்க ஏன் மனசைப் போட்டு வதைக்கிய?’ என்கிறாள். மன்னிக்க அவளுக்கு உரிமை உண்டு, விரல் அவளுடையது. எனக்கு அந்த உரிமை கிடையாது. அந்தத் தியேட்டர் என்னுடையது. அதில் நடந்ததை நான் மன்னித்தால், அதற்குப் பெயர் மன்னிப்பு அல்ல, அசட்டை.

யார் அது? மருந்தா? இதோ திறந்திருக்கிறேன், விடு பெண்ணே. பாட்டி அல்ல, சிஸ்டர். வலது கண். ஆம், புருவத்துக்கு மேல் ஒட்டு ஒட்டியிருக்கிறதே, நீ பார்த்தாயா, அல்லது என்னைக் கேட்டுவிட்டு விடுகிறாயா? இரண்டும் செய்ய வேண்டும். பார்க்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். நல்லது. போ.

நன்றாகத்தான் செய்கிறார்கள் இங்கே. குறை சொல்ல முடியாது.

நான் என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சத்தம் போட்டேன் என்று நினைத்தீர்களா? சத்தம் போடுகிறவள் அன்று மாலையே ஆறிவிடுவாள். நான் ஒரு விதி கொண்டுவந்தேன்.

பயிற்சிக்குப் போன இடத்தில் நான் கற்றது அது. கூரான எந்தப் பொருளும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நேராகப் போகக் கூடாது. நடுவில் ஒரு தட்டு இருக்க வேண்டும். அவரைக்கொட்டை போல வளைந்த எஃகுத் தட்டு. கிட்னி டிரே என்போம். நர்ஸ் கத்தியைத் தட்டில் வைப்பாள், கையை எடுத்துக்கொள்வாள். பிறகு டாக்டர் எடுப்பார். வேலை முடிந்ததும் அவரும் தட்டிலேயே வைப்பார். ஒரே நேரத்தில் இரண்டு கை தட்டருகே இருக்காது. அவ்வளவுதான். குழந்தைக்கும் புரியும். நிர்வாகமும் ஒப்புக்கொண்டது; சொர்ணபாயின் விஷயத்தில் அவர்களுக்கும் உள்ளூரக் கொஞ்சம் உறுத்தல் இருந்தது.

அவர் குதித்தார். ‘நான் கையை நீட்டினாக் கத்தி வரணும். அதுதான் என் பழக்கம். நான் என்ன, இலையில போட்ட சோத்தைப் பொறுக்குத மாதிரி தட்டுல பொறுக்கவா வந்தேன்?’ என்றார். எல்லார் முன்னிலும்.

நான் அமைதியாகச் சொன்னேன்: ‘டாக்டர், கத்திக்குக் கண் கிடையாது. நமக்கு இருக்கிறது. பார்த்து எடுப்பதில் என்ன சிரமம்?’

எதற்கும் இரண்டு பதில் வைத்திருக்கிற மனிதர், நேரே கை கழுவப் போய்விட்டார். என் வாதம் வென்றது என்று நினைத்தேன். வாதம் அல்ல. அது பிறகுதான் எனக்கு விளங்கியது.

அது ஒரு ஜூலை மாதம். விதி தொடங்கிய சில நாட்களிலேயே கவனித்தேன். அவர் கையை நீட்டுவார். பழைய ஞாபகத்தில் கை பின்னால் போகும். கத்தி வராது. பிறகு தட்டைத் தேடி வருவார். விரல் முதலில் தட்டின் விளிம்பைத் தொடும், அப்புறம் விளிம்போடு நகரும், அப்புறம் உள்ளே இறங்கும். நீங்கள் இருட்டில் தீப்பெட்டி தேடுவீர்களே, அப்படி. ஒருமுறை ஊசி பிடிக்கும் இடுக்கியைத் தலைகீழாக எடுத்தார். விளக்கை மாற்றி வை, மாற்றி வை என்று சதா சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு சூரியனைப் போல எரிந்துகொண்டிருந்தது.

இன்னொன்று. அவருக்குத் துணையாக நிற்பவர் டாக்டர் நசீர், இளைஞர், நல்ல பையன். அவரிடம் இவர் ஓயாமல் கேள்வி கேட்பார். ‘நசீர், அங்க என்ன பாக்கே? சொல்லு. அதுக்குப் பக்கத்துல என்ன போகுது? எவ்வளவு தூரத்துல?’ நசீரும் பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல் ஒன்றுவிடாமல் சொல்வார். என்ன அருமையான ஆசிரியர் என்று நாங்கள் எல்லாரும் பூரித்துப் போயிருந்தோம். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: அவர் கற்றுக்கொடுக்கவில்லை. அவருக்குத் தெரியவில்லை. நசீரின் கண்ணை வைத்து வெட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆம். பார்வை போய்க்கொண்டிருந்தது அவருக்கு. ஜூலை முடிவதற்குள் எனக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. கையில் கத்தி வந்து விழ வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தது வேகத்துக்காக அல்ல. திரும்பிப் பார்த்தாலும் தெரியாது என்பதற்காக.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. யாரிடமாவது சொன்னேனா? சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே அழைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், ‘டாக்டர், ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள்ளுங்களேன்’ என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஒரு மாதம் லீவு. புரை என்றால் எடுத்துவிடுவார்கள். திரும்பி வரும்போது வாசலில் ஒரு மாலை, ஒரு ஜெபம். மறுபடியும் அதே கை, அதே வீச்சு. சொர்ணபாய் போர்வை மடித்துக்கொண்டிருப்பாள். அது எனக்குப் போதவில்லை. நான் எதைச் செய்தாலும் முழுமையாகச் செய்கிறவள்.

அக்டோபரில் ஆஸ்பத்திரியின் நிறுவனர் விழா. அதற்குப் பல ஊர்களிலிருந்து அறுவை மருத்துவர்கள் வருவார்கள். அவர்கள் முன்னிலையில் அவர் ஒரு அறுவையைச் செய்து காட்டுவார், வருடந்தோறும். மேலே கண்ணாடி போட்ட மாடத்தில் மாணவர்களும் நிற்பார்கள். அதுவரை காத்திருப்பது என்று முடிவு செய்தேன். எல்லாரும் பார்க்கட்டும். எல்லாரும் இருக்கும்போது அந்தக் கை தட்டைத் தேடட்டும்.

இதற்குள் இன்னொரு சங்கதி நடந்தது. சொர்ணபாயின் இடத்துக்கு வந்த எஸ்தர் என்ற பெண் இளகிய மனசுக்காரி. அவர் தடுமாறுவதை அவளும் கவனித்திருக்கிறாள். தட்டில் கத்தியை வைத்ததும் விரல் நகத்தால் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள். ‘டிக்’ என்று. அந்தச் சத்தம் வந்த இடத்துக்கு அவர் கை நேராக வந்துவிடும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இப்படியே ஆகஸ்டும் செப்டம்பரும் ஓடின. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஸ்தர் தட்டுவாள், நசீர் சொல்வார், இவர் வெட்டுவார். ஒரு ஆளாக நிற்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

விழா நாளன்று காலை எஸ்தரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: ‘தியேட்டருக்குள் தேவையில்லாத ஓசை கூடாது. விருந்தினர் வந்திருக்கிறார்கள். தட்டை விரலால் தட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடு.’ ‘சிஸ்டர், அவருக்கு...’ என்றாள். ‘அவருக்கு என்ன?’ என்றேன். அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அவளும் மறைத்தவள் ஆவாள் அல்லவா?

அந்தக் காட்சியை நான் தினமும் ஒருமுறை நினைத்துக்கொள்வேன். சிலர் பைபிளில் சங்கீதம் வாசிப்பார்கள். நான் இதை நினைப்பேன். அறை முழுதும் வெள்ளைத் தலைகள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் இளமுகங்கள். எஸ்தர் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சத்தம் இல்லை. அவர் கை வந்தது. நின்றது. காற்றில், தட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், விரித்தபடி. காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். அவர் கை கொஞ்சம் இடது பக்கம் போயிற்று, கொஞ்சம் வலது பக்கம் வந்தது. ‘எஸ்தர்’ என்றார், மிகவும் மெதுவாக. அந்தக் குரலில் அவர் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவர் அவசரப்பட்டார். கையைத் தட்டுக்குள் விட்டார், கத்தியின் கூரான பக்கத்தையே பிடித்தார்.

அதே விரல் அல்ல. அதற்கு அடுத்த விரல். அந்த அளவுக்கு எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நான் முன்பே யோசித்துவைத்திருந்தேன். நசீரைத் தயாராக நிற்கச் சொல்லியிருந்தேன். அவர்தான் அறுவையை முடித்தார். என் தியேட்டரில் நோயாளிக்கு ஒரு கீறல் விழ நான் விட்டதில்லை. இதை நான் எந்த மேடையிலும் சொல்லுவேன்.

அத்தோடு அவர் கத்தியை வைத்துவிட்டார். ஆனால் கேளுங்கள் அநியாயத்தை: நான் எதிர்பார்த்தது அவமானம், அவருக்குக் கிடைத்தது பொன்னாடை. ‘உடல்நலக் காரணங்களால் ஓய்வு’ என்று அச்சடித்தார்கள். பிரிவுபசார விழாவில் அழுதவர்களைக் கணக்கெடுக்க முடியாது. விழித்திரையில் கோளாறாம், தீராத நோயாம், ஐயோ பாவமாம். ‘பார்வை போகிற நிலையிலும் ஏழைகளுக்காக உழைத்தவர்’ என்று பேசினார் ஒருவர். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். துணி அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொர்ணபாய் என் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினாள். அந்த விரல் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது, தட்டும்போது.

இப்போது, வருகிற மாதம், புதிதாகக் கட்டிய தியேட்டருக்கு அவர் பெயரை வைக்கப் போகிறார்கள். அவரே வருகிறார், சக்கர நாற்காலியில். விளக்கு ஏற்றுவதற்கு என்னை அழைத்திருக்கிறார்கள், மூத்தவள் என்று. அதற்காகத்தான் இந்தக் கண். இல்லாவிட்டால் இந்த வயதில் எனக்கு என்ன, பைபிளைப் பேத்தி வாசித்துக் காட்டுகிறாள். திரி எங்கே, தீ எங்கே என்று தெரியாமல் மேடையில் நான் தடவக் கூடாது. தடவியது அவர், நான் அல்ல. விளக்கை ஏற்றிவிட்டு ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கப் போகிறேன். சொர்ணபாயின் பெயரில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவருக்கு என் முகம் தெரியாது. எனக்கு அவர் முகம் தெரிய வேண்டும். நன்றாக, பக்கத்தில், தெளிவாக.

அம்மா ஏதோ சொல்கிறாரா? எனக்குக் கேட்கவில்லை, நீங்களே சொல்லுங்கள். என்ன அறுவை நடந்தது அவருக்கு? இவ்வளவு பேசிவிட்டு அதைக் கேட்கவில்லை பாருங்கள்.

கழுத்துக் கழலை. ஓ.

கழலை எடுத்த பிறகா குரல் இப்படி ஆயிற்று?

பொறுங்கள். பொறுங்கள். அந்தக் கழலைக்குப் பின்னால் ஒரு நரம்பு போகும், நூலிழை போல, குரலுக்கு. அதைக் கண்ணால் கண்டு, ஒதுக்கிவிட்டு, பிறகுதான் வெட்ட வேண்டும். கண்ணால் காண வேண்டும்! எப்போது நடந்தது இது? எந்த மாதம்?

அவர் ஓய்வு பெற்ற அதே வருடம், ஆவணி. முகூர்த்த நாட்கள், பூவுக்குக் கிராக்கி, அதனால் ஞாபகம் இருக்கிறது. பூ விற்றவரா? தெருத்தெருவாகக் கூவி. சரி. அதற்குப் பிறகு கூவ முடியவில்லை. அதனால் நீங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினீர்கள். எட்டாவதோடு. ‘அம்மாவுக்குத் தொண்டை போச்சு, எனக்குப் படிப்பு போச்சு, உசிரு தப்பிச்சதே பெருசு’ என்று சிரிக்கிறீர்களே, சிரிக்கிற விஷயமா இது?

ஆவணி என்றால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம். இருங்கள், அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நசீர் தங்கையின் நிக்காஹ் என்று ஊருக்குப் போயிருந்தார். எஸ்தருக்குக் காய்ச்சல். நானே கையுறை போட்டு, தட்டருகே நின்றேன். நான் விரலால் தட்டுகிறவள் அல்ல. விதிப்படி வைத்தேன், விதிப்படி எடுத்துக்கொண்டேன். பார்த்தீர்களா? கேட்டீர்களா? சொந்தக் கண்ணும் இல்லை, நசீரின் கண்ணும் இல்லை, எஸ்தரின் சத்தமும் இல்லை, அப்படியும் ஒரு பெண்ணின் கழுத்தைத் திறந்திருக்கிறார் அந்த மனிதர்! என்ன நெஞ்சழுத்தம்! இதைத்தான் தெய்வம் என்றீர்கள். இவ்வளவு வருடமாக அவர் கணக்கில் ஒரு விரல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு குரலும் இருக்கிறது!

அந்தப் பூக்காரி... தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு மேசைமேல் படுக்க வந்த பெண். எனக்கு ஞாபகம் வருகிறது. பூவோடு தியேட்டருக்குள் வரக் கூடாது என்று நான்தான் எடுத்தேன். கொடுக்க மனமில்லாமல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா, நீங்களா? பக்கத்தில் வந்து பேசுங்கள், இன்னும் பக்கத்தில், இப்போது கேட்கிறது. ஆம். ஆம், பூவை எடுத்தவள் நானேதான். என்ன சொன்னேன் என்கிறீர்கள்? ‘பயப்படாதே, நான் பக்கத்துலயே நிக்கேன்னு சொன்னீயளே, சிஸ்டர்.’ சொல்லியிருப்பேன். எல்லாரிடமும் சொல்வேன். அது என் வழக்கம். நின்றேனே, சொன்னபடியே நின்றேன். ஒரு அடி நகரவில்லை.

கேளுங்கள், கேளுங்கள், என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். அவருக்குக் கண் தெரியவில்லை என்று நான் எப்போது கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? மகளிடம் இப்போதுதானே சொன்னேன், ஜூலை. ஆடி மாதம். உங்களுடையது ஆவணி. ஆம், ஆடிக்கு அடுத்தது ஆவணிதான்; அதில் என்ன சந்தேகம்?

இருவரும் ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?

நான் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இருவரும் அந்த விழாவுக்கு வர வேண்டும். நான் கார் அனுப்புகிறேன். சொர்ணபாய் வர மாட்டாள்; அவள் மன்னித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் வாருங்கள், அம்மா. நான் பேசி முடித்ததும் ஒலிவாங்கியை உங்கள் கையில் தருகிறேன். நீங்கள் அதிகம் பேச வேண்டாம். அந்தக் குரலில் ஒரே ஒரு வரி. அது போதும், அந்தப் பெயர்ப்பலகை சுவரில் நிற்காது.

என்ன சொல்கிறார்? நீங்கள் சொல்லுங்கள், கனி. கனிதானே உங்கள் பெயர்? வருகிறாராமா! நல்லது. தைரியமான பெண். என்ன, இன்னும் ஏதோ சொல்கிறாரே.

‘ரெண்டு பேரு பேரையும் சொல்லுவேன்.’

இரண்டு பேரா? அவர் ஒருவர். இன்னொருவர் யார்? மயக்க மருந்து கொடுத்தவரா? அவர் தலைமாட்டில் இருந்தவர், கழுத்து அவர் பொறுப்பில்லை. நசீரா? நசீர் ஊரிலேயே இல்லை என்றேனே. எஸ்தரா? பாவம், அவள் காய்ச்சலில் கிடந்தாள். அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், அம்மா. மேடையில் சொல்லும் பெயர் தவறாக இருக்கக் கூடாது. தவறான பெயரைச் சொன்னால் மொத்த நியாயமும் கெட்டுவிடும். நான் அதில் கண்டிப்பானவள்.

யார், மறுபடியும் மருந்தா? இல்லையா? என் முறை வந்துவிட்டதா? தவமணி. வலது கண். ஆம், நானேதான். இருங்கள், எழுந்திருக்கிறேன். இடது கண்ணும் மங்கல்தான், எனக்குச் சுத்தமாக ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் பால் போல் இருக்கிறது. இங்கே ஒரு படி இருந்ததே. கனி, கையைக் கொஞ்சம் பிடியுங்கள். நீங்களாவது பிடியுங்கள், அம்மா.

அம்மா?

இங்கேதானே உட்கார்ந்திருந்தீர்கள்? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நான் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறேன். எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிய, ஒரு சத்தமாவது கொடுங்களேன்.